‘ஓகே’ என்று போட்ட ஒரு சொல்லும், தம்பியிடம் கொடுத்த பணமும்

கேள்வி: வீட்டின் பின்கட்டில் ஓர் அறையும் குளியலறையும் கட்ட ஒரு காண்ட்ராக்டரிடம் 78,000 ராண்டுக்குப் பேசினோம். ஒரு பக்கக் கொட்டேஷன் தாள் தந்தார். அதில் நான் கையெழுத்துப் போடவில்லை. முன்பணம் மட்டும் கொடுத்தேன். தீபாவளிக்குள் முடித்துத் தருவதாகப் பேச்சு. இதுவரை 50,000 வாங்கிவிட்டார். சுவரும் கூரையும் ஆயின. குழாய், மின்கம்பி, தரை ஓடு, பெயின்ட் எல்லாம் பாக்கி. ஜனவரியில் வாட்ஸ்அப்பில், “சிமென்ட், கம்பி விலை ஏறிவிட்டது, இன்னும் 15,000 வேண்டும்” என்று எழுதினார். படித்துவிட்டேன் என்பதற்காக ‘ஓகே’ என்று போட்டேன். இப்போது அதையே பிடித்துக்கொண்டு, 15,000 வராமல் வேலைக்கு வரமாட்டேன் என்கிறார். கருவிகள் என் கராஜில் கிடக்கின்றன. “எழுதிக் கையெழுத்துப் போடாத ஒப்பந்தம் செல்லாது, விட்டுவிடுங்கள் அண்ணி” என்கிறார் என் கொழுந்தனார். இந்தியாவில் சட்டம் படித்த உறவுக்காரப் பையனோ, “மறுபயன் இல்லாமல் கேட்கும் 15,000 செல்லாது, கவலைப்படாதீர்கள்” என்கிறான். பூட்டை மாற்றிவிட்டு வேறு ஆளை வைத்து முடிக்கலாமா? கொடுத்த 50,000 திரும்பக் கிடைக்குமா? இன்னொன்று: என் தம்பி தன் மனையில் பாதியை எனக்கு விற்பதாக வாய்வார்த்தையாகச் சொல்லி 60,000 வாங்கினான். வரும் ஆகஸ்டில் 3 வருடம் ஆகும். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.
— சாட்ஸ்வொர்த் வாசகி, டர்பன்

பதில்:

அன்புள்ள அம்மா, உங்கள் கடிதத்தில் கடைசியாக ஒட்டிக்கொண்டு வந்த விஷயம்தான் முதலில் கவனிக்க வேண்டியது. காண்ட்ராக்டர் தகராறு இரண்டு வாரம் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகாது. தம்பியிடம் உள்ள 60,000 அப்படியல்ல.

உங்கள் கொழுந்தனார் சொன்னது காண்ட்ராக்டர் விஷயத்தில் தவறு, தம்பி விஷயத்தில் சரி. தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் வாய்ப்பேச்சாலேயே கட்டுப்படுத்தும். எழுத்தும் கையெழுத்தும் இல்லாமல் செல்லாதவை சில உண்டு. அவற்றில் முதன்மையானது நிலம். நிலம், வீடு விற்பனைக்கான 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விற்பவரும் வாங்குபவரும், அல்லது அவர்கள் எழுத்துமூலம் அதிகாரம் கொடுத்த ஆளும், கையெழுத்திட்ட பத்திரம் இல்லையென்றால் அந்த விற்பனைக்கு எந்தச் சட்ட வலுவும் இல்லை. எந்த மனை, யார் யார், என்ன விலை என்பதெல்லாம் அந்த எழுத்திலேயே இருக்க வேண்டும். மின்னணுத் தகவல்தொடர்புச் சட்டம் நில விற்பனையைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருப்பதால் வாட்ஸ்அப் செய்தியும் இங்கே கைகொடுக்காது. போதாக்குறைக்குப் பாதி மனை என்பது ஒரு தனி மனை ஆகாது. அதைப் பிரிக்க நகராட்சி அனுமதியும், சர்வேயர் ஜெனரல் ஏற்ற வரைபடமும், பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் பதிவும் வேண்டும். தம்பி சமூகச் சொத்து முறையில் (கணவன், மனைவி சொத்தெல்லாம் இருவருக்கும் பொது என்ற முறை) மணம் செய்தவராக இருந்தால் அவர் மனைவியின் எழுத்துச் சம்மதமும் தேவை.

ஆகவே மனையைத் தரச் சொல்லி வழக்குப் போட முடியாது. ஆனால் பணம் போய்விடவில்லை. அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு, செல்லாத நில விற்பனையில் கொடுத்ததைத் திரும்பக் கேட்க உரிமை தருகிறது; பணம் கொடுத்த நாளிலிருந்து அரசு நிர்ணயித்த வீதத்தில் வட்டியோடு.

ஆபத்து எங்கே என்றால் காலக்கெடுவில். 1969ஆம் ஆண்டுக் காலாவதிச் சட்டப்படி, இப்படிப்பட்ட கடன்களுக்கு 3 ஆண்டுதான். “இது செல்லாத விற்பனை என்று எனக்குத் தெரியாதே” என்பது கடிகாரத்தை நிறுத்தாது. நடந்தது என்ன, கடனாளி யார் என்ற விவரம் தெரிந்தாலே போதும், காலம் ஓடத் தொடங்கும். சட்டம் தெரிய வேண்டியதில்லை. பலர் சறுக்கும் இன்னோர் இடமும் இங்கேதான் இருக்கிறது: வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் காலம் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. வழக்கின் அழைப்பாணை தம்பியின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் நிற்கும். அல்லது, தான் கடன்பட்டிருப்பதைத் தம்பியே ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும்.

அக்கா தம்பிக்குள் நீதிமன்றம் வேண்டாம் என்றால் இரண்டாவது வழியே நல்லது. “அக்காவிடம் இன்ன தேதியில் 60,000 ராண்ட் வாங்கினேன், அதைத் திருப்பித் தரக் கடமைப்பட்டிருக்கிறேன், மாதம் இவ்வளவாகத் தருகிறேன்” என்று ஒரு தாளில் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். அவர் 5,000 திருப்பித் தந்து, அது எந்தக் கணக்கில் என்று செய்தியில் குறிப்பிட்டாலும் ஒப்புதல்தான். ஜூலைக்குள் இது நடக்கவில்லையென்றால், மனம் கசந்தாலும், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அழைப்பாணை எடுத்துவிடுங்கள். அது தம்பிக்குச் சென்று சேரவும் நாள் பிடிக்கும். ஆகஸ்டு வரை இழுக்காதீர்கள்.

இனிக் காண்ட்ராக்டர்.

கையெழுத்து இல்லாத கொட்டேஷன் வெறும் தாள் அல்ல. அவர் தந்த கொட்டேஷன் ஒரு முன்மொழிவு. நீங்கள் முன்பணம் கொடுத்து வேலையைத் தொடங்கச் சொன்னது ஏற்பு. இருவர் மனமும் ஒன்றில் கூடியது. இருவரும் 18 வயது கடந்தவர்கள். வேலை சட்டத்துக்கு உட்பட்டது, செய்யக்கூடியது. விலையும் வேலையும் தெளிவு. இவ்வளவுதான் வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளையும் 2002ஆம் ஆண்டு மின்னணுத் தகவல்தொடர்புச் சட்டத்தின்படி சாட்சியமாக வைக்கலாம். ‘செல்லுமா’ என்பது உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ‘நிரூபிக்க முடியுமா’ என்பதுதான் கேள்வி. வங்கி ரசீதுகள், கொட்டேஷன், முழு உரையாடல் மூன்றும் இருந்தால் முடியும். உரையாடலைத் தொலைபேசியிலேயே விட்டுவைக்காதீர்கள். ஏற்றுமதி செய்து மின்னஞ்சலுக்கு அனுப்பி, ஒரு பிரதி அச்செடுத்து வையுங்கள். வேண்டிய வரியை மட்டும் படமெடுத்துக் கொண்டுபோனால் மற்றதை மறைக்கிறீர்களோ என்ற சந்தேகம்தான் வரும்.

கொட்டேஷன் தாளைத் திருப்பிப் பாருங்கள். ‘மதிப்பீடு’ என்றிருக்கிறதா, ‘கொட்டேஷன்’ என்றிருக்கிறதா? விலை ஏறினால் கூட்டலாம் என்று ஏதாவது வரி உண்டா? அப்படி ஒன்றும் இல்லையென்றால் 78,000தான் விலை. சிமென்ட் விலை ஏறியது அவருடைய தொழில் நட்டம். செய்ய முடியாமல் போவது வேறு, செய்தால் கட்டுப்படியாகாமல் போவது வேறு. முன்னதற்கு நம் பக்கத்து வழக்கே உண்டு. கோக்ஸ்டாட் நகருக்கு விளக்கு வசதி செய்துதர ஒப்புக்கொண்ட நிறுவனத்தின் பங்காளிகள் முதல் உலகப் போரில் எதிரி நாட்டவர் என்று காவலில் வைக்கப்பட்டார்கள், தொழிலே மூடப்பட்டது. 1919இல் அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிறுவனத்தைக் கடமையிலிருந்து விடுவித்தது. அரசே தொழிலை மூடியதற்கும் சிமென்ட் மூட்டை விலை ஏறியதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது அந்த ‘ஓகே’. உறவுக்காரப் பையன் சொன்னது இந்தியாவில் பொருந்தும். அங்கே 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் மறுபயனைக் கேட்கிறது. அதாவது ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று கைமாற வேண்டும். தென்னாப்பிரிக்கச் சட்டம் ரோமன்-டச்சு வழி வந்தது. கான்ராடி எதிர் ரோசோ வழக்கில், அதுவும் 1919இல்தான், மறுபயன் தேவையில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. மனமறிந்து, கட்டுப்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒத்துக்கொண்டால் போதும். (இலங்கை வாசகர்களுக்கு இது புதிதல்ல. அங்கும் ரோமன்-டச்சு வழிதான்.) சும்மா தருகிறேன் என்ற அன்பளிப்பு வாக்குக்கு மட்டும் 1956ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தும் கையெழுத்தும் கேட்கிறது. நடப்பிலுள்ள ஒப்பந்தத்தின் விலையைக் கூட்டுவதை அன்பளிப்பு என்று வாதாடி ஜெயிப்பது கடினம். இணையத்தில் தமிழில் கிடைக்கும் ஒப்பந்தச் சட்ட விளக்கங்கள் பெரும்பாலும் இந்தியச் சட்டத்தைப் பற்றியவை. அவற்றைப் படித்துவிட்டு டர்பனில் தைரியமாக இருக்காதீர்கள்.

அப்படியானால் ‘ஓகே’ உங்களைக் கட்டுமா? நீங்கள் மனதுக்குள் என்ன நினைத்தீர்கள் என்பதோடு நீதிமன்றம் நிற்பதில்லை. உங்கள் செய்தியைப் பார்த்த ஒரு நியாயமான ஆள், நீங்கள் சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொள்வாரா என்று கேட்கும். எதிராளிக்கு உங்கள் உண்மையான எண்ணம் தெரிந்திருந்தாலோ, சந்தேகம் வந்து கேட்டிருக்க வேண்டிய நிலையில் அவர் இருந்திருந்தாலோ அந்த நம்பிக்கை நியாயமானதல்ல. அதனால் ‘ஓகே’க்கு முன்னும் பின்னும் என்ன பேச்சு நடந்தது என்பதுதான் முக்கியம். முந்தைய செய்திகளில், “நாளைக்கு மணல் வரும்” போன்றவற்றுக்கெல்லாம் நீங்கள் ‘ஓகே’ என்றே பதில் போட்டிருந்தால், அது ‘பார்த்துவிட்டேன்’ என்ற உங்கள் வழக்கம் என்று காட்டலாம். அதற்குப் பிறகு பல வாரம் வாய்திறக்காமல் இருந்திருந்தால் அது உங்களுக்குப் பாதகம்.

இன்றே இப்படி ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: “ஜனவரியில் நான் ‘ஓகே’ என்றது உங்கள் செய்தி கிடைத்தது என்பதற்காக மட்டுமே. 15,000 கூடுதலாகத் தர நான் ஒப்புக்கொள்ளவில்லை. நம் ஒப்பந்த விலை 78,000தான்.” அவர் உங்கள் ‘ஓகே’யை நம்பிப் பொருள் வாங்கிப் போட்டுவிட்டால் வாதம் சிக்கலாகும். அதற்கு முன் இது போய்ச் சேர வேண்டும்.

கொட்டேஷனின் பின்பக்கத்தில் “எழுத்தில், இருவர் கையெழுத்தோடு அன்றி மாற்றம் செல்லாது” என்று பொடியெழுத்தில் இருந்தால் உங்களுக்கு இன்னொரு பிடி கிடைக்கும். 1964இல் ஷிஃப்ரன் வழக்கில் இப்படிப்பட்ட விதி செல்லும் என்று தீர்ப்பானது. பிறகு போனில் பேசிக் கூட்டிய விலை அந்த விதியை மீற முடியாது. ஆனால் முழுக்க இதையே நம்பாதீர்கள். மின்னஞ்சலின் அடியில் பெயர் அடித்ததே கையெழுத்தாகும் என்று ஸ்பிரிங் ஃபாரஸ்ட் வழக்கில் 2014இல் உச்ச மேல்முறையீட்டு மன்றம் ஏற்றது. பெயர் எதுவும் இல்லாத ‘ஓகே’ அந்த அளவுக்குப் போகுமா என்பது வாதத்துக்குரியது.

பூட்டை மாற்றுவது: இப்போது வேண்டாம். இந்த விஷயத்தில்தான் நியாயம் உள்ளவர்களே தோற்கிறார்கள். அவர் தவணை தவறிவிட்டார் என்பது உண்மை. தீபாவளி என்பது நாட்காட்டியில் குறித்த நாள், ஆகவே தனியாக நினைவூட்டாமலே அவர் தாமதக் குற்றத்துக்கு உள்ளாகிறார். ஆனால் தாமதம் ஒன்று, ரத்து செய்யும் உரிமை வேறொன்று. ‘அன்றைக்குள் முடிக்காவிட்டால் ரத்து’ என்று பேசியிருந்தாலோ, அந்த நாள் தவறினால் வேலையே பயனற்றது என்றிருந்தாலோ உடனே ரத்து செய்யலாம். திருமணத்துக்குப் போட்ட பந்தல் மறுநாள் வந்தால் எதற்கு? பின்கட்டு அறை அப்படியல்ல. உரிமை இல்லாமல் ரத்து செய்தால் ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அவர் உங்களிடம் நட்டஈடு கேட்பார்.

15,000 வராமல் வரமாட்டேன் என்பது கடமையை மறுப்பதுதான். அதை வைத்தே ரத்து செய்ய இடமுண்டு. ஆனால் அவர் அதைப் போனில் சொன்னாரா, எழுத்திலா என்று நீங்கள் எழுதவில்லை. நாளை “அப்படிச் சொல்லவே இல்லை” என்றால் என்ன செய்வீர்கள்? எழுத்தில் இருந்தாலும், ஒரு நோட்டீஸ் கொடுத்துவிடுவதே உறுதி. அதில் இது இருக்கட்டும்:

“பின்கட்டு அறை வேலையைத் தீபாவளிக்குள் முடித்திருக்க வேண்டும். முடியவில்லை. குழாய், மின்கம்பி, தரை ஓடு, பெயின்ட் ஆகிய மீதி வேலையை இன்ன தேதிக்குள் முடித்துத் தாருங்கள். ஒப்பந்தப்படி மீதி 28,000ஐத் தர நான் தயார். அந்தத் தேதிக்குள் முடிக்காவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்வேன். வேறொருவரைக் கொண்டு முடித்து, கூடுதலாகும் செலவை உங்களிடம் கோருவேன்.”

அவர் படிக்கும் மொழியில், ஆங்கிலத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப், மின்னஞ்சல், பதிவுத் தபால் மூன்றிலும் போகட்டும். கொடுக்கும் காலம் நியாயமாக இருக்க வேண்டும். மீதமிருக்கும் இந்த வேலைக்கு 3 வாரம் பொருத்தம் என்பது என் கணிப்பு. 3 நாள் கொடுத்தால் அந்த நோட்டீஸ் நிற்காது. “சீக்கிரம் முடியுங்கள்” என்று தேதியில்லாமல் எழுதுவதும், ‘ரத்து’ என்ற சொல்லையே சொல்லாமல் விடுவதும் நோட்டீஸை வெறும் முறையீடாக்கிவிடும். தேதி கடந்ததும் தானாக ரத்தாகாது. “ரத்து செய்கிறேன்” என்று இரண்டாவதாக எழுதி அவருக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படி எழுதிய பிறகு மனம் மாறி, “சரி வா, முடித்துவிடு” என்று கூப்பிட்டால் பழைய ரத்தைப் பிறகு காட்ட முடியாது.

கருவிகளை எடுத்துத் தெருவில் போடுவதோ, பணம் தந்தால்தான் தருவேன் என்று மடக்குவதோ கூடாது. அவர் கட்டடத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பதாகக் காட்ட முடிந்தால், நீதிமன்ற ஆணையில்லாமல் நீங்கள் அவரை வெளியேற்றியதாக வழக்குப் போட்டுச் சாவியைத் திரும்பப் பெற்றுவிடுவார். அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று நீதிமன்றம் பார்ப்பதே இல்லை. கருவிகளைப் படமெடுத்துப் பட்டியல் போடுங்கள். அவர் தன் பக்கி வண்டியோடு வரும் நாளில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

50,000ம் திரும்பக் கிடைக்காது, அம்மா. சுவரும் கூரையும் உங்களிடம் நிற்கின்றன. நட்டஈட்டின் கணக்கு இதுதான்: ஒப்பந்தம் ஒழுங்காக நிறைவேறியிருந்தால் நீங்கள் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ அந்த நிலைக்குக் கொண்டுவருவது. வேறொரு ஆள் மீதி வேலைக்கு 41,000 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 50,000ஐயும் சேர்த்தால் 91,000. ஒப்பந்தப்படி 78,000. உங்கள் நட்டம் 13,000. அதே மீதி வேலையை 26,000க்குச் செய்ய ஆள் கிடைத்துவிட்டால் மொத்தம் 76,000தான். நட்டம் என்று கேட்க எதுவுமில்லை. எனவே தனித்தனியாக இரண்டு எழுத்துக் கொட்டேஷன் வாங்குங்கள், மீதி வேலைக்கு மட்டும், பழைய தாளில் இருந்த அதே தரத்துக்கு. சாதாரண ஓட்டுக்குப் பேசியதைப் போர்சலின் ஓடாக்கி அந்த விலையைக் காண்ட்ராக்டர் தலையில் கட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் கடமையும் உங்களுக்கு உண்டு. கூரை ஒழுகி மழை உள்ளே வருகிறதென்றால் உடனே மூடுங்கள். அந்தச் செலவின் ரசீதையும் வையுங்கள்.

கையில் இருக்கும் 28,000ஐ அவர் முடிக்கும்வரை நிறுத்திவைக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒருவர் கடமை இன்னொருவர் கடமைக்கு எதிர்க்கடமை என்பதே இதன் அடிப்படை. ஆனால் அவர் ஏறக்குறைய எல்லாம் முடித்து, நீங்கள் அறையில் ஆள் குடிவைத்துவிட்டால் கதை மாறும். பிகே டூலிங் வழக்குக்குப் பிறகு (1979), குறையைச் சரிசெய்யும் செலவைக் கழித்துவிட்டு மீதி விலையை அவருக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் தீர்ப்பளிக்கலாம். அந்தச் செலவு எவ்வளவு என்று நிரூபிக்க வேண்டியவர் அவர்தான்.

செய்த வேலையே மோசம் என்றால், உதாரணத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு வெடித்திருந்தால், 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவு தனியாக உதவும். குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், அல்லது விலையில் நியாயமான பங்கைத் திரும்பக் கேட்கலாம். யார் முடித்தாலும், மின்வேலைக்குப் பதிவு பெற்ற மின்பணியாளர் தரும் இணக்கச் சான்றிதழ் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். அது இல்லாமல் பிறகு வீட்டை விற்கவும் சிரமம்.

உங்கள் கோரிக்கை 13,000 அளவில் நின்றால் சிறு வழக்கு மன்றமே போதும். 2019 ஏப்ரல் முதல் அதன் வரம்பு 20,000 ராண்ட். நட்டம் 23,000 என்றாலும் 3,000ஐ விட்டுக்கொடுத்து அங்கேயே போகலாம். வக்கீல் செலவைப் பார்த்தால் பல நேரம் அதுவே லாபம். அங்கே யாருக்காகவும் வக்கீல் நின்று பேச முடியாது. முதலில் தொகையையும் காரணத்தையும் குறிப்பிட்டு ஒரு கோரிக்கைக் கடிதத்தை நேரில் அல்லது பதிவுத் தபாலில் கொடுத்து, 14 நாள் விடுங்கள். பணம் வரவில்லையென்றால் கடிதத்தின் பிரதி, அது சேர்ந்ததற்கான சான்று, மற்ற தாள்களோடு நீதிமன்ற எழுத்தரிடம் போனால் அழைப்பாணை தருவார். அதை நீங்களே கொடுக்கலாம், ஷெரிஃப் மூலமும் கொடுக்கலாம். தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

பல வழக்குகள் அழைப்பாணைக் கட்டத்திலேயே முடங்குவதற்குக் காரணம், வாட்ஸ்அப் எண்ணைத் தவிர காண்ட்ராக்டரின் வேறு விலாசம் யாரிடமும் இல்லாததுதான். கொட்டேஷனில் இருப்பது அவர் பெயரா, ஒரு கம்பெனியின் பெயரா என்று இப்போதே பாருங்கள். கம்பெனியென்றால் அதன் பேரில்தான் வழக்கு; பதிவு விலாசத்தைக் கம்பெனிகள் ஆணையத்தில் தேடி எடுக்கலாம். தனி ஆள் என்றால், கருவிகளை எடுக்க வருகிறாரே, அன்று வாங்கும் ரசீதில் முழுப்பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதச் சொல்லுங்கள்.